ஒரு நூல் பின்னால்

“யார்டி இது?”

“யாருன்னா? நான்தாம்மா.”

“நீ இல்லை.”

“அம்மா, இந்த வீட்டுல பேஸ் கிட்டார் வாசிக்கிறது நான் ஒருத்திதான்.”

“அதனாலதான் கேக்குறேன். இது யாரு?”

அம்மா ஹெட்போனைக் கழற்றி மேஜையின் குறுக்கே தள்ளினாள். பெரியவள் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை, தோளில் பேருந்து நிறுவனத்தின் பட்டை. ஆறரை மணிக்கு முதல் வண்டியை அவள்தான் எடுக்க வேண்டும்.

அம்மாவின் காதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இந்தப் பேச்சு வேடிக்கையாக இருக்கும். இருபத்தாறு வருடம் புத்தகம் கட்டும் தொழிற்சாலையில், தாள் மடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றவள். அந்த இயந்திரம் அவளுடைய செவித்திறனின் மேல் பாதியைத் தின்றுவிட்டது. குருவிச் சத்தம், அழைப்பு மணி, மகன் பாடும் சொற்கள் எல்லாம் போய்விட்டன; பேச்சை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறாள். கீழ்ப் பாதி அப்படியே இருக்கிறது. இடி கேட்கும். லாரி கேட்கும். கீழ்வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் கேட்கும். பெரியவளின் பேஸ் கேட்கும்.

ஆகவே பிள்ளைகளின் இசைக்குழு வாசிக்கும் எல்லாப் பாட்டும் அவளுக்குத் தெரியும். ஒரு பாட்டில்கூட ஒரு சொல் தெரியாது. அவளே அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். ‘கதவைத் தட்டிட்டுக் காத்திருக்கிற பாட்டு’. ‘கோபமா பாத்திரம் கழுவுற பாட்டு’. இன்று மேஜை மேல் இருந்தது ‘மாடிப்படி இறங்குற பாட்டு’.

அந்தப் பாட்டைத்தான் இன்று மாலை ஐந்து மணிக்கு இசைத்தட்டு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் பதினோரு பாட்டுகளோடு முழு இசைத்தட்டு. பிடிக்காவிட்டால் ஒன்பது வருடக் கனவு சனிக்கிழமை பொழுதுபோக்காகவே நின்றுவிடும். நேற்று மாலை சின்னவன் முடிந்த பதிவைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தான். சாப்பிடவில்லை. அக்காவின் முகத்தையும் பார்க்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான்.

பெரியவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

டிரம்ஸ். கிட்டார். தம்பியின் குரல். அடியில் பேஸ். ஒவ்வொரு சுரமும் தாளத்தின் தலைமேல் அச்சாக விழுந்தது. எங்கும் பிசகு இல்லை. எங்கும் மூச்சும் இல்லை. அவள் விரல் கீழே இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் அந்த பேஸ் இறங்கவில்லை. அவள் நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. சொந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும்போது சுவர் ஓரடி தள்ளிப் போயிருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

“சரிதான். நான் இல்லை.”

“சண்டை போடப் போறியா?”

“வேலைக்குப் போறேன்.”

“மூக்கு செவந்திருக்கு.”

“அடுப்புச் சூடும்மா.”

“அடுப்பை அணைச்சுப் பத்து நிமிஷம் ஆச்சு.”

பெரியவள் சிரித்துவிட்டாள். தம்பியின் அறைக்கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். பிறகு வேண்டாமென்று சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

*

இரண்டாவது நடையில், நூலக நிறுத்தத்தில், சின்னவன் ஓடிவந்து ஏறினான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அவனுக்கு. சட்டைப்பையில் அளவு நாடா எட்டிப் பார்த்தது. அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது அவன் தலைமுடியிலேயே தெரிந்தது. சீவவே இல்லை.

“அக்கா.”

பெரியவள் தலைக்கு மேலிருந்த பலகையைச் சுட்டினாள். ‘வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.’

“அக்கா, நான் சொல்றதை…”

மறுபடியும் பலகை.

“படிச்சேன், படிச்சேன். வண்டி நிக்கட்டும்.”

முதல் சிவப்பு விளக்கு வந்தது.

“யார் வாசிச்சது?” என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“யாரும் வாசிக்கலக்கா. ஒலிப்பதிவாளர் கம்ப்யூட்டர்ல போட்டார்.”

“யார் சொல்லி?”

“பச்சைப் பேனா எழுதி அனுப்பியிருந்தாங்க. கீழே பேஸ் தாளத்தைப் பின்னாடி இழுக்குதுன்னு.”

பச்சைப் பேனா என்பது இசைத்தட்டு நிறுவனத்துப் பெண்மணி. கருத்துகளையெல்லாம் பச்சை மையில்தான் எழுதுவாள். அவளுடைய நிஜப் பெயரை இவர்கள் வீட்டில் யாரும் சொன்னதே கிடையாது.

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி நகர்ந்தது. சின்னவன் வாயைத் திறந்தபடியே நின்றான்.

முன் இருக்கையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவன் சட்டையை இழுத்தாள். “தம்பி, அடுத்த சிவப்பு கொஞ்சம் பெருசு. மிச்சத்தை அதுல சொல்லுங்க.”

அடுத்த சிவப்பு உண்மையிலேயே பெரியது.

“அந்தக் காகிதத்தை என்கிட்ட ஏன் காட்டல?”

“நீ வருத்தப்படுவேன்னுதான்.”

“இப்போ?”

“அக்கா, யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். பேஸைத் தனியா யாரு கேக்கப் போறாங்க? எல்லாரும் பாட்டைத்தானே கேப்பாங்க.”

சொன்னபிறகுதான் அவனுக்கே கேட்டது. திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத மாதிரி அது அங்கேயே நின்றது.

அந்த நேரத்தில் நினைத்திருந்தால் பெரியவள் பிரேக்கை ஓங்கி மிதித்துத் தம்பியை முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம். செய்யவில்லை. விளக்கு மாறியதும் வண்டியை எடுத்தாள். வளைவில் திருப்பினாள். நிறுத்தத்தில் நிறுத்தினாள். நாற்பது பேர் நின்றுகொண்டிருந்த வண்டியில் ஒருவர்கூடக் கம்பியைத் தாவிப் பிடிக்கவில்லை. ஒருவருக்கும் ஓட்டுகிறவள் ஞாபகமே வரவில்லை. பதினோரு வருடமாக அவள் பெருமைப்படுவது அதற்காகத்தான்.

“ரெண்டரைக்கு எனக்கு டூட்டி முடியுது. மூணு மணிக்கு ஸ்டூடியோ திறந்திருக்கணும். எங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லு.”

“அஞ்சு மணிக்கு அவங்க வந்துடுவாங்கக்கா.”

“ரெண்டு மணி நேரம் இருக்கே.”

“என்ன பண்ணப் போறே?”

“என் பாட்டுல நான் இருக்கப் போறேன். இறங்கு.”

“இது என் ஸ்டாப் இல்லையே?”

“நடந்து போ. யோசிக்க நேரம் கிடைக்கும்.”

அவன் இறங்கினான். கதவு மூடியது.

பைக்கார அம்மாள் முன்னால் சாய்ந்தாள். “என்ன வாசிப்பீங்க நீங்க?”

“பேஸ் கிட்டார்.”

“அப்படின்னா?”

“பாட்டு கேக்கும்போது இருக்கிறதே தெரியாதே, அது.”

“அப்புறம் எதுக்கு அது?”

பெரியவள் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். “எடுத்துட்டா தெரியும்மா.”

*

ஸ்டூடியோ ஒரு மரச்சாமான் கிடங்கின் மாடியில் இருந்தது. சுவரெங்கும் பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. இந்தப் பக்கம் வாசிக்கும் அறை, அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரின் அறை. வாசிக்கும் அறையில் கார் நிறுத்தும் இடத்தின் வாசனையும், அந்த மெத்தைகளில் யார் யாரோ கண்ட கனவுகளின் வாசனையும் கலந்து வீசுவதாகப் பெரியவளுக்கு எப்போதும் தோன்றும்.

அவள் கணவன் முன்பே வந்துவிட்டிருந்தான். டயர் கடைக் கருப்பு இன்னும் நகக்கண்ணில் இருந்தது. குழுவில் டிரம்ஸ் அவன்தான். பட்டப்பெயர் குக்கர். பாட்டு தொடங்கும்போது சாதுவாக இருப்பான். போகப் போக உள்ளே ஆவி ஏறும். கடைசி வரியில் விசில் அடிக்காத குறை.

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது” என்றான் முதல் வேலையாக. “சின்னவன் சொல்லியிருப்பான்னு நினைச்சேன்.”

“ஒரே கட்டில்ல தூங்குறோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“நீ அஞ்சு மணிக்கே எழுந்து போயிடுறே.”

“அதுக்குத் தனியா ஒரு நாள் வச்சுப் பேசலாம். இப்போ வேலை.”

ஒலிப்பதிவாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க…”

“எடுத்துக்கல சார். நான் வாசிச்சதை அழிச்சுட்டீங்களா?”

“ஐயோ, இல்லை. இருக்கு.”

“அதைப் போடுங்க.”

நான்கு பேரும் கேட்டார்கள். மூன்று பேர் பெரியவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் நாள் முழுக்க மூக்குக் கண்ணாடி விற்றுக்கொண்டே தன் தரப்பு வாதங்களை அடுக்கி வைத்திருந்தான். மொத்தம் ஆறு. முதலாவதைச் சொல்ல வாயெடுத்தான்.

“நிறுத்துங்க” என்றாள் பெரியவள். “அவங்க எழுதினது சரி. இழுக்குது.”

சின்னவனின் ஆறு வாதங்களும் கையிலேயே நின்றுவிட்டன.

“ஏங்க” என்று கணவனிடம் திரும்பினாள். “நீங்க ஏன் இதுல ஓடவே இல்லை?”

“ஓடக் கூடாதுன்னாங்களே. காதுல டிக்டிக் சத்தம் வச்சாங்க. அது கூடவே போனேன். ஒரு இடத்துலகூட தப்பல, தெரியுமா?” அதைச் சொல்லும்போது அவன் மார்பு லேசாக விரிந்தது.

“அங்கேதான் தப்பிடுச்சு.”

நடந்தது இதுதான். ஒன்பது வருடமாக இந்த மூன்று பேரும் ஒரே அறையில், ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும் தூரத்தில்தான் வாசித்திருக்கிறார்கள். குக்கர் முன்னால் ஓடுவான். பெரியவள் அவனுக்கு ஒரு நூல் பின்னால் விழுவாள். அவன் இழுப்பான், அவள் பிடிப்பாள். அந்த ஒரு நூல் இடைவெளியில்தான் பாட்டு ஆடும். கேட்கிறவன் கால் தானாக அசைவதும் அந்த இடைவெளியில்தான்.

ஒரு மாதம் முன்பு இந்த ஸ்டூடியோவில் முதல்முறையாக ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்க வைத்தார்கள். குக்கர் பயந்துபோய் டிக்டிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பத்து நாள் கழித்து, டூட்டி மாற்றி வாங்கிக்கொண்டு பெரியவள் தனியாக வந்தாள். ஓடாத மனிதனைப் பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தாள். யாரும் பொய் வாசிக்கவில்லை. ஆனால் பாட்டு நொண்டியது.

“அப்போ கம்ப்யூட்டர் போட்டது சரிதானே?” என்றான் சின்னவன், கொஞ்சம் தைரியம் வந்து.

“கிட்டாரை எடு.”

எடுத்தான்.

“உன் ரெண்டு கார்டையும் வாசி. வேற எதுவும் வேண்டாம்.”

அந்தப் பாட்டு முழுக்கவே அவனுக்கு இரண்டே கார்டுகள்தான், சேர்ந்து ஒலிக்கும் இரண்டே சுரக்கூட்டங்கள். மாற்றி மாற்றி வாசித்தான். பெரியவள் தன் பேஸைத் தோளில் மாட்டி, முதலில் கம்ப்யூட்டர் வாசித்ததை வாசித்தாள். கிட்டார் எந்தச் சுரத்தைச் சொல்கிறதோ, அதையே கீழே நின்று திருப்பிச் சொல்லும் சுரங்கள். சுத்தமாக இருந்தது. வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டமாதிரி இருந்தது.

“இப்போ நிறுத்தாதே. அதையே வாசிச்சுட்டே இரு.”

அவள் இறங்கத் தொடங்கினாள். ஒரு படி. இன்னொரு படி. மூன்றாவது படியில் அவள் விரல் நின்றபோது, சின்னவனின் கை அசையாமல் பிடித்திருந்த அதே கார்டு வேறொன்றாக ஆகிவிட்டது. யாரோ ஜன்னலை மூடிவிட்டுப் போனமாதிரி அறை இருண்டது. நான்காவது படியில் திறந்தது.

ஒலிப்பதிவாளர் கண்ணாடியின் மேல் சாய்ந்துவிட்டார். “கிட்டார் மாறலையே?”

“மாறல சார். தரைதான் மாறுச்சு.”

சின்னவன் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் வரும் துக்கம் தன் குரலில் இருந்து வருவதாக அவன் ஒன்பது வருடமாக நம்பியிருந்தான். பாராட்டியவர்களிடம் நன்றிகூடச் சொல்லியிருக்கிறான்.

“மூணு பேரும் ஒண்ணா வாசிக்கிறோம்” என்றாள் பெரியவள். “இதே அறையில. டிக்டிக் வேண்டாம்.”

“மேடம், எல்லாம் எல்லா மைக்லயும் விழும். டிரம்ஸ் சத்தம் பாட்டு மைக்ல போயிடும். அப்புறம் எதையும் தனியா எடுத்துத் திருத்த முடியாது.”

“திருத்த வேண்டாத மாதிரி வாசிக்கிறோம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி ஐந்து நிமிடம். தோளைக் குலுக்கிவிட்டு மைக்குகளை இடம் மாற்ற எழுந்தார்.

முதல் தடவை கேவலமாக வந்தது. குக்கரின் காதில் டிக்டிக் இல்லை. ஆனால் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளரையே பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவனைப்போல அடித்தான். பாதியில் பெரியவள் கையை வைத்துத் தந்திகளை அமுக்கினாள்.

“அவரை ஏன் பாக்குறீங்க? அவரா உங்களுக்குச் சோறு போடுறார்?”

“சோறு நான்தானே வடிக்கிறேன்.”

“அந்தத் திமிரோட வாசிங்க. ஓடுங்க. எவ்வளவு வேணாலும் ஓடுங்க. நான் விட்டுட மாட்டேன்.”

“நிஜமாவா?”

“எத்தனை வருஷமா ஓடுறீங்க. எங்கேயாவது போய்ச் சேர்ந்தீங்களா?”

குக்கர் சிரித்தான். அந்தச் சிரிப்பு தோளில் இறங்கி, முழங்கைக்கு வந்து, குச்சியில் ஏறியது.

இரண்டாவது தடவை அவன் நான்கு தட்டு தட்டித் தொடங்கியபோதே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. இதுதான்.

அவன் ஓடினான். அவள் ஒரு நூல் பின்னால் விழுந்தாள். அறை ஒருமுறை தளர்ந்து மூச்சு விட்டது. தடித்த நான்காவது தந்தி அதிர்ந்தபோது சுவரோரத்து மெத்தைகள் அதை வாங்கிக்கொண்டன. தரைப்பலகை அதைக் கால்களுக்குக் கொடுத்தது. மாடிப்படி இறங்கத் தொடங்கியது. முன்பின் தெரியாத ஒரு நகரத்தில், யாரோ வசிக்கும் ஒரு பழைய கட்டடத்தில், கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்குகிற ஒருத்தியைப் பெரியவள் எப்போதும் அந்த இடத்தில் கற்பனை செய்துகொள்வாள். அவள் யார் என்று தெரியாது. எங்கே போகிறாள் என்றும் தெரியாது. கீழே ஒரு கதவு இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

சின்னவன் பாடினான். மேடையில் அவன் எப்போதும் முன்னால் நிற்பவன். அக்கா அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பாள். இன்று மைக்குகளை வட்டமாக வைத்ததால் அவளுக்கு எதிரில் நிற்க வேண்டி வந்தது. முதல்முறையாக அவன் அவளுடைய வலது கையைக் கவனித்தான். இரண்டு விரல்கள், அவசரமே இல்லாமல், நடப்பதைப்போல மாறி மாறி விழுந்தன. அவன் மூச்சு எடுக்கும் இடத்தில் அந்த விரல்கள் அவனுக்காகக் கொஞ்சம் தாமதித்தன. அவனுக்கு மூச்சு முட்டும் அந்த நீண்ட வரியில் அடர்த்தியாக விழுந்து அவனைத் தாங்கின. இதைச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

பல்லவிக்கு முன்னால் அந்த இடம் வந்தது. பெரியவள் நிறுத்தினாள்.

இரண்டு தட்டு நேரம். அடியில் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் அந்த இடத்தை இட்டு நிரப்பியிருந்தது. இங்கே சின்னவனின் குரல் மட்டும் காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல் தொங்கியது. அவன் பயப்படவில்லை, அவசரப்படவில்லை. அவள் வருவாள் என்று தெரியும்.

வந்தாள். டிரம்ஸ் விழுந்த பிறகு, ஒரு நூல் கழித்து, ஆகக் கீழே இருந்த சுரத்தில். பல்லவி முழு அகலத்துக்கும் திறந்துகொண்டது.

கடைசிச் சுரம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. குக்கரின் நெற்றியிலிருந்து வியர்வைத் துளி ஒன்று டிரம்மில் விழுந்தது. அதுவும் பதிவாகியிருக்கும்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பேர் நின்றார்கள்.

*

பச்சைப் பேனா ஐந்து மணிக்கு இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். குள்ளமான பெண்மணி. தோளில் கனமான பை, காதில் செருகிய பேனா. சின்னவன் அவசரமாக எதையோ விளக்கத் தொடங்கினான்.

“இதையே எடுத்துக்குறேன்” என்று அவள் குறுக்கிட்டாள்.

“நேத்து மாதிரிக்கு அனுப்பினது…”

“அது ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. ஆஸ்பத்திரி மாதிரி. இதுல ஆள் இருக்காங்க.” பெரியவளிடம் திரும்பினாள். “நான் எழுதினதைப் படிச்சீங்களா?”

“இழுக்குதுன்னு எழுதியிருந்தீங்களாம். சரியாத்தான் எழுதியிருந்தீங்க.”

பச்சைப் பேனா அவளைக் கூர்ந்து பார்த்தாள். “இந்த வேலைக்கு வந்து பதினஞ்சு வருஷம் ஆகுது. என்கிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்லை.”

“அதுக்கு மருந்துதான் இவங்க தப்பாக் கொடுத்துட்டாங்க.”

குக்கர் வாய்விட்டுச் சிரித்தான். சின்னவனும் சிரித்தான், ஒரு கணம் தாமதமாக. “முழு இசைத்தட்டு?” என்று கேட்டான்.

“பதினோரு பாட்டும் வேணும். இதே மாதிரி. ஒரே அறையில, மூணு பேரும் ஒண்ணா.”

குக்கர் மனைவியைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான். பேஸ் குறுக்கே வந்து அவன் தாடையில் இடித்தது. அதையும் ஒரு பொருட்டாக எண்ணாமல், கீழே போய் எல்லாருக்கும் குடிக்க ஏதாவது வாங்கிவருகிறேன் என்று படிகளில் தடதடவென இறங்கினான். ஒலிப்பதிவாளர் கூடவே போனார். சின்னவன் பதிவை மறுபடியும் கேட்பதற்காகக் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்தான்.

பெரியவள் பேஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பேனா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“உங்ககிட்டத் தனியா ஒண்ணு பேசணும்.”

“சொல்லுங்க.”

“எங்க நிறுவனத்துல ஒரு பெரிய குழு இருக்கு. வர்ற ஒண்ணாம் தேதி கிளம்புறாங்க. மூணு மாசம், முப்பது ஊர். அவங்களோட பேஸ் வாசிக்கிறவர் போன வாரம் விலகிட்டார். நாலு பேரைக் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாருமே நல்லா வாசிக்கிறாங்க. ஒருத்தருக்கும் நிறுத்தத் தெரியல.” பையைத் தோளிலிருந்து இறக்கினாள். “நீங்க வரணும்.”

பெரியவளின் கையிலிருந்த துணி நின்றது. “இந்தப் பதினோரு பாட்டு?”

“அடுத்த வருஷம் எடுக்கலாம். பாட்டு ஒண்ணும் கெட்டுப் போயிடாது. உங்க தம்பிகிட்ட நான் பேசிக்குறேன்.”

“அவன் ஒன்பது வருஷமா காத்துட்டு இருக்கான்.”

“நீங்களும்தானே காத்துட்டு இருந்தீங்க? உங்களை யாராவது கேட்டாங்களா?”

முப்பது ஊர். பெயர்கூடத் தெரியாத தெருக்கள், ஒவ்வொரு மாலையும் வேறொரு அறையின் தரைப்பலகை. காலையில் தன் பாட்டில் தனக்கு இடம் கேட்டுக் கிளம்பியவளுக்கு, மாலையில் யாரோ உலகத்தையே நகர்த்தி இடம் ஒதுக்கிக் காட்டுகிறார்கள். ஆசையாக இருந்தது. அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை.

“பதில் இப்பவே வேணுமா?”

“இருந்தா நல்லது. நான் இன்னிக்கே சொல்லியாகணும்.”

அப்போதுதான் பெரியவள் கவனித்தாள். எதிரில் இருந்த மைக்கின் மேல் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் அணைக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் சின்னவன் நின்றிருந்தான். நாற்காலி பின்னால் உருண்டு போயிருந்தது. அவன் எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. ஆரம்பத்திலிருந்தே.

பச்சைப் பேனாவும் திரும்பிப் பார்த்தாள். சுவரோரமாக நகர்ந்து நின்றுகொண்டாள்.

சின்னவன் குனிந்து மேஜையில் இருந்த பொத்தானை அமுக்கினான். அறையின் மூலையில் இருந்த சிறிய ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

“அக்கா.”

பெரியவள் துணியைக் கீழே வைத்தாள்.

“எல்லாம் கேட்டுடுச்சு. மைக்கை அணைக்கணும்னு நினைச்சேன். கை வரல.” பொத்தானை இன்னும் அமுக்கிப் பிடித்திருந்தான். “போகாதேன்னு சொல்ல எனக்கு வாயே இல்லை. நேத்துவரைக்கும் நீ இல்லாமலே பாட்டைக் கொடுத்துடலாம்னு இருந்தவன் நான்.”

ஒலிபெருக்கியில் அவன் மூச்சு கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் அவன் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொள்வது தெரிந்தது. தோள்வாரைக் கண்டுபிடிக்கவே அவனுக்கு இரண்டு முயற்சி பிடித்தது. பிறகு மறுபடியும் பொத்தானை அமுக்கினான்.

“அவங்களுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, என்கூட இன்னும் ஒரே ஒரு தடவை வாசிக்கிறியாக்கா? பதிவு பண்றதுக்கு இல்லை. சும்மா.”